பதக்கத்துக்கு நீங்களே காசு கொடுங்கள்: கொழும்பில் தூர விருது ஏற்படுத்திக்கொள்ளும் முறை

நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் உலகம் முழுவதும் மதிக்கப்படும் பதக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பெறுகிறவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. நான் செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவன். சும்மா கிடைப்பது எதுவானாலும் அது எந்தப் பத்தியில் ஏறுகிறது என்று பார்க்கும் பழக்கம் உள்ளவன்.

பாரிஸில் 1904 ஆம் ஆண்டு தோன்றிய ஓடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்ற சங்கம் 1921 முதல் 'பிரவே' எனப்படும் ஓட்டங்களை நடத்திவருகிறது. நான் சொன்ன பதக்கம் அவற்றை முடித்தவருக்கானது. அவற்றில் முதலிடமும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீற்றருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி, 1000க்கு 75 மணி. வழியில் சொல்லப்பட்ட இடங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். ரயர் வெடித்தால் நீங்களே மாற்ற வேண்டும். எட்டு மணி நேரத்தில் வந்தவரும் பதின்மூன்று மணி நேரத்தில் வந்தவரும் ஒரே தகுதியைப் பெறுகிறார்கள். 200, 300, 400, 600 ஆகிய நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்குச் 'சூப்பர் ரான்டொனர்' என்று பெயர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போக விரும்புகிறவர் இந்த நான்கையும் முடித்துக் காட்ட வேண்டும். 1891 இல் முதன்முதலாக நடந்த அந்த 1200 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு இன்று உச்ச நேரம் 90 மணி.

விமானம் ஏறிச் சென்னைக்குப் போய் அங்கே நடக்கும் 200 இல் சேரக்கூடியவர்கள் சேரட்டும். மாதக் கடைசியில் கடைக்கணக்கு முடித்து, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பி, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலிருந்து சைக்கிளைத் தோளில் சுமந்து இறங்குகிறவர்கள் தமக்கான விருதைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 2022 இல் பெற்றோல் வரிசையில் நிற்பதைவிட மிதிப்பது மேல் என்று கொழும்பில் எத்தனையோ பேர் சைக்கிள் வாங்கினார்கள். பெற்றோல் திரும்ப வந்தது, அந்தச் சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. தேவை துரத்தியவரை ஓடினார்கள், துரத்த ஆளில்லாதபோது நின்றார்கள். துரத்துவதற்கு ஏதாவது ஒன்றை நாமே ஏற்படுத்திக்கொண்டால் என்ன என்பதுதான் என் யோசனை.

எதற்கு விருது கொடுப்பது?

தூர விருதுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரே மூச்சில் ஓடிய தூரத்துக்கு ஒன்று. ஆண்டு முழுவதும் சேர்ந்த தூரத்துக்கு ஒன்று. விடாமல் திரும்பத் திரும்பச் செய்ததற்கு ஒன்று.

நடுவில் சொன்ன ஆண்டு மொத்தத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தொலைபேசிச் செயலிகள் அதைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன, ஆனால் அது ஆளைக் கெடுக்கும். ஜூன் மாதத்தில் பின்தங்கியவர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார். முன்னே நிற்பவர் டிசம்பர் கடைசி வாரத்தில் வட்ட எண் ஒன்றை எட்டுவதற்காகச் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இங்கிலாந்தின் டொமி கொட்வின் 1939 இல் ஒரே ஆண்டில் 75,065 மைல் ஓடினார். சராசரி பார்த்தால் நாளுக்கு 200 மைலுக்கு மேல். வேறு வேலை இல்லாமல் அதற்கென்றே ஓர் ஆண்டைக் கொடுத்தவரின் கணக்கு அது. வியந்து பார்த்துவிட்டு நம் வேலையைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் வேலை செய்கிறது. பிரிட்டனின் ஓடாக்ஸ் சங்கமும் அமெரிக்காவின் ரான்டொனர் சங்கமும் ஒரே மாதிரியான விருதை வைத்திருக்கின்றன: தொடர்ந்து 12 மாதம், மாதத்துக்கு ஒன்றாவது 200 கிலோமீற்றர் ஓட்டம். எந்த மாதத்திலும் தொடங்கலாம். ஒரு மாதம் தவறினால் பூச்சியத்திலிருந்து மீண்டும் ஆரம்பம். சீட்டுக் கட்டுவது போலத்தான்: ஒரு மாதத் தவணை பெரிதாகத் தெரியாது, விட்டுவிட்டால் மட்டும் வலிக்கும். அமெரிக்கச் சங்கம் இதையே 100 முதல் 199 கிலோமீற்றர் வரையான ஓட்டங்களுக்கும் தனியாகக் கொடுக்கிறது. வேலைக்குப் போகிற நமக்கு 100 தான் சரியான அளவு.

போயா அட்டை

இந்த விருதைக் கொழும்புக்குப் பொருத்துவதற்கு நாட்காட்டியே வழி காட்டுகிறது. மாதந்தோறும் பௌர்ணமிக்கு அரச விடுமுறை கிடைக்கும் நாட்டில் வேறு தேதி எதற்கு? போயா நாள் காலையில் காலி வீதியில் அலுவலகப் போக்குவரத்து இல்லை. மதுக்கடைகள் மூடியிருப்பதால் பிற்பகலிலும் வீதி ஓரளவு நிதானமாக இருக்கிறது. என் விதி இதுதான்: தொடர்ந்து 12 போயா, ஒவ்வொன்றிலும் 100 கிலோமீற்றர், புறப்பட்டதிலிருந்து 7 மணி நேரத்துக்குள். பாரிஸ்காரர்களின் மணிக்கு 15 கிலோமீற்றர் கணக்குப்படி 6 மணி 40 நிமிடம் வரும். மீதி 20 நிமிடத்தை மொறட்டுவை வரையான சமிக்ஞை விளக்குகளுக்காகச் சேர்த்திருக்கிறேன்.

போயா அன்று முடியாவிட்டால், அடுத்து வரும் ஞாயிறு வரை அவகாசம். இந்தச் சலுகை அவசியம். சித்திரா பௌர்ணமியில் தாயை இழந்தவர்கள் விரதம் இருப்பார்கள். விரதத்தோடு 100 ஓடுவது பக்தியும் ஆகாது, உடற்பயிற்சியும் ஆகாது. அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். நவம் போயாவை ஒட்டிக் கங்காராம விகாரையின் பெரஹரா நடக்கும்போது மாலையில் அந்தப் பக்கத்து வீதிகளை மூடிவிடுவார்கள், காலையிலேயே ஓடி முடித்துவிட வேண்டும். வெசாக் அன்று விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பந்தல் பார்க்க வரும் கூட்டம் மாலையில் வீதியை நிரப்பிவிடும். ஆனால் வழியில் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் எதிர்ப்பட்டால் இறங்கிச் சாப்பிடுங்கள். கொடுக்கிறவர்களுக்கும் மகிழ்ச்சி, நமக்கும் ஒரு வேளைச் செலவு மிச்சம். எந்தப் போயாவிலும் விகாரை வாசல்களில் வெள்ளை உடுத்தவர்கள் கூட்டமாக வீதியைக் கடப்பார்கள். அங்கே வேகத்தைக் குறைத்துப் போவது மரியாதையும்கூட.

ஆடிவேல் காலத்தில் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் வரும். அன்று கடைக்குச் சைக்கிளில் போகலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு தனி ரகம். அந்த இரண்டு நாளும் கொழும்பு காலியாகிவிடுகிறது. மரைன் டிரைவ், காலி முகத்திடல், பொரளை, ராஜகிரிய, பாராளுமன்றச் சுற்று, நுகேகொடை, மறுபடி வெள்ளவத்தை என்று சுமார் 30 கிலோமீற்றர் வளையத்தை அன்றைக்குத்தான் நிம்மதியாக ஓடலாம். கடைகளும் பூட்டியிருக்கும். தண்ணீரும் சாப்பாடும் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

வானியலாளரின் எண்

போயா அட்டை மாதத்துக்கு ஒரு நாளைத்தான் கேட்கிறது. மற்ற ஞாயிறுகளுக்கு எடிங்டன் எண் இருக்கிறது. ஆர்தர் எடிங்டன், நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நட்சத்திரக் கணக்கை 1935 இல் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசியவர். நட்சத்திர விஷயத்தில் சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்று 1983 நோபல் பரிசு சொல்லிவிட்டது. அத்தனை நடந்தும் இருவரும் நட்பை விடவில்லை. எடிங்டன் தன் சைக்கிள் கணக்கைச் சந்திரசேகருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். போர் நடந்துகொண்டிருந்த 1943 இல் தன் எண் 77 க்கு வந்துவிட்டதாக எழுதினார்.

கணக்கு எளிது. 77 மைலோ அதற்கு மேலோ ஓடிய நாட்கள் 77 இருந்தால் உங்கள் எண் 77. நாம் கிலோமீற்றரில் வைத்துக்கொள்வோம். உங்கள் எண் 40 என்றால், 40 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடிய நாட்கள் 40 இருக்கின்றன என்று பொருள். அதை 41 ஆக்கப் போகும்போதுதான் விஷயம் புரியும்: சரியாக 40 மட்டும் ஓடிய நாட்கள் அத்தனையும் ஒரே இரவில் செல்லாக்காசு. ஒரே நாளில் 300 ஓடினாலும் இந்த எண் ஒன்றுக்கு மேல் நகராது. வீரத்துக்கு இங்கே மதிப்பில்லை, வருகைப் பதிவுக்குத்தான் மதிப்பு.

ஆகவே இன்றைய எண்ணைப் பார்த்து ஓடாதீர்கள், அடைய விரும்பும் எண்ணைப் பார்த்து ஓடுங்கள். 50 ஐ இலக்காக வைத்தால், வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறைக்குப் போய்த் திரும்புவது, அதாவது 40 ஐ ஒட்டிய தூரம், பயன்படாது. இன்னும் கொஞ்சம் மிதித்து வாதுவை வரை போய்த் திரும்பினால் 50 ஐத் தாண்டும். ஞாயிறு காலையில் அந்தக் கூடுதல் தூரத்துக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அந்த நாள் கொப்பியில் நிரந்தரமாக ஏறிவிடும்.

அட்டையும் அத்தாட்சியும்

அத்தாட்சி இல்லாத விருது சில மாதங்களில் செத்துவிடும். செயலிப் பதிவு மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. பற்றரி தீர்ந்தால் ஓட்டமே நடக்காதது போல ஒரு துக்கம் வருகிறது, அது தேவையில்லாதது. நான் தடித்த அட்டை ஒன்றில் கட்டம் போட்டு, மழைக்காகப் பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன். திரும்பும் இடத்தில் ஏதாவது ஒரு கடையில் தேநீர் குடித்து, முதலாளியிடம் கடை முத்திரையும் நேரமும் கேட்பேன். இது சைக்கிளுக்கா என்று கேட்டுவிட்டு, பெரும்பாலானவர்கள் மிகுந்த கவனத்தோடு, வங்கிப் பத்திரத்தில் குத்துவது போல அழுத்திக் குத்துகிறார்கள். பேருவளையில் ஒருவர் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு அன்றைய வானிலையையும் சிங்களத்தில் ஒரு சொல்லாக எழுதித் தருகிறார். எந்தச் செயலியும் எனக்கு இதைச் செய்து தந்ததில்லை.

முத்திரை கிடைக்காத இடத்தில் தன்னியக்க வங்கி இயந்திரத்தின் மீதிச் சீட்டு போதும், இடமும் நேரமும் அதில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் கிலோமீற்றர் கல்லுக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாத்தி ஒரு படம். மீதியை சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதுங்கள்: தேதி, வழி, தூரம், நேரம், உடன் வந்தவர், சாப்பிட்டது. கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். எந்த நாளில் கால் ஓடவில்லை என்று பின்னால் தேடும்போது, விடை பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான் கிடைக்கும்.

கையெழுத்து இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். என் அட்டையைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவர் சரிபார்க்கிறார், அவருடையதை நான். இருவரும் சேர்ந்து ஓடுவது அபூர்வம், ஆனால் போயா முடிந்த மறுநாள் காலையில் "அட்டை எங்கே அண்ணே?" என்று அவர் கேட்பார் என்பது, முதல்நாள் அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் மணியைவிடப் பலமானது.

ஒரு சிறு தந்திரம். பணம் கொடுத்து வாங்கும் காப்பிக்கான அட்டைகளை வைத்துச் செய்து 2006 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. 10 கட்டம் உள்ள அட்டை சிலருக்கு. 12 கட்டம் போட்டு, இரண்டில் முன்பே முத்திரை குத்திய அட்டை மற்றவர்களுக்கு. இரண்டிலும் வாங்க வேண்டிய காப்பி பத்துதான். இரண்டாவது கூட்டத்தார் விரைவாக முடித்தார்கள். ஆகவே என் அட்டையில் 13 கட்டங்கள். முதல் கட்டத்தை வீட்டுத் தரையில் உட்கார்ந்து, பின் சில்லைக் கழற்றி, ரியூப்பை மாற்றி, பம்பால் காற்றடித்துக் காட்டியவருக்குக் குத்தலாம். இந்தக் கட்டத்தைத் தாண்டாதவர் களுத்துறைக்கு அப்பால் போகக்கூடாது என்பது என் கண்டிப்பு. ரியூப், ஒட்டு, நெம்புகோல் எல்லாம் புறக்கோட்டை டாம் வீதியில் கிடைக்கும்.

எந்த வீதியில் எந்த விருது

தெற்கே காலி வீதி. கொழும்பு கோட்டையிலிருந்து கணக்கிட்டால் களுத்துறை சுமார் 42, பெந்தோட்டை 62, இக்கடுவை 98, காலி 116 கிலோமீற்றர். வெள்ளவத்தைக்காரர் ஒவ்வொன்றிலும் எட்டைக் கழித்துக்கொள்ளலாம். எனவே பெந்தோட்டைப் பாலத்தைத் தாண்டித் திரும்பினால் போயாவுக்கான 100 வந்துவிடும், காலிக் கோட்டை வாசலில் முத்திரை பெற்றுத் திரும்பினால் 200 உம் அதற்கு மேலும் வரும். வீதி தட்டையாக இருக்கிறது, கடை இல்லாத கிலோமீற்றர் கிடையாது, பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. முதல் 200 க்கு இதைவிட நல்ல வீதி இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து இல்லை. பஸ்கள்தான் ஒரே தொல்லை. முந்திக்கொண்டு போய் உங்களுக்கு முன்னாலேயே இடப்பக்கம் ஒடித்து நிற்கும். அதோடு பந்தயம் வைக்காதீர்கள், பின்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பது தெரிந்ததே.

வடக்கே நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம். கோட்டையிலிருந்து சிலாபம் ஏறக்குறைய 80. கொட்டாஞ்சேனைக்காரர்கள் முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் 150 வரும், அதற்கு 10 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று போகும்போது முதுகில் தள்ளும். இன்றைக்கு நமக்குக் கால் நன்றாக இருக்கிறது என்ற மயக்கம் வரும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்து உண்மையைச் சொல்லும். அந்த மாதங்களில் ஒரு வழி மட்டும் மிதித்து, சைக்கிளைப் பொதியாகப் பதிந்து ரயிலில் திரும்புவது உத்தமம். பொதி ஏற்றும் ரயிலா என்று நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே அவிசாவளைக்கு இரண்டு வழி. மஹரகம, ஹோமாகம வழியாகப் போகும் பெரிய வீதி நெரிசல். கடுவலை, ஹங்வெல்ல வழியாகக் களனி கங்கையை ஒட்டிப் போகும் பழைய வீதிதான் ஓடுவதற்கு ஏற்றது. போய்வர 100 ஐத் தாண்டும்.

கண்டிக்கு 115 தான். ஆனால் மாவனல்லையைத் தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. காலிக்குப் போய்வந்த தைரியத்தில் இதற்கு 7 மணிக் கணக்கு வைக்காதீர்கள். இதற்கென்று நேர வரையறை இல்லாத தனி விருது ஒன்று வைத்திருக்கிறேன்: ஏற்றத்தின் உச்சியில் பாறையைக் குடைந்த வாசல் வரை இறங்காமல் போனால் போதும்.

யாழ்ப்பாணம் புத்தளம், அனுராதபுரம் வழியாகச் சுமார் 400. பாரிஸ் கணக்குப்படி 27 மணி நேரம். ஊருக்குப் போவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். முதலில் ஓராண்டு அட்டையை முடியுங்கள்.

அறுபதாவது கிலோமீற்றர்

100 இல் முதல் 40 ஐப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி 20 தானாகவே வந்துவிடும், வீடு தெரிந்த மாடு மாதிரிக் கால் ஓடும். நடுவில் இருக்கும் 40 தான் சனியன். வெயில் ஏறியிருக்கும், முத்திரை வாங்கிய உற்சாகம் ஆறியிருக்கும், மொறட்டுவை நெரிசல் இன்னும் பாக்கி இருக்கும். அந்த இடத்தில் பதக்கத்தை நினைத்தால் பயன் இல்லை, அது மிகத் தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒன்றை நினைக்க வேண்டும். களுத்துறைப் பாலத்தருகே வாகனக்காரர்கள் நிறுத்தி உண்டியலில் காசு போடும் இடம் ஒன்று, வாதுவையில் செவ்விளநீர் ஒன்று, பாணந்துறையில் கிம்புலா பணிஸும் பிளேன்டீயும் ஒன்று என்று வழியைச் சிறு சிறு கடன்களாகப் பிரித்துவிடுங்கள். எவ்வளவு மிச்சம் என்று கைபேசியில் பார்க்கவே கூடாது.

மனம் சோர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரங்களில் பாதி, வயிறு காலியான நேரம்தான். பசிப்பதற்கு முன்பே மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள். கொழும்பு வியர்வைக்கு மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். ஒரு போத்தலில் வெறும் தண்ணீர், மற்றதில் ஜீவனி என்ற உப்பு சர்க்கரைத் தூள் கரைத்த தண்ணீர். ஜீவனிப் பொதி ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்ற அளவை மாற்றாதீர்கள். சுவை போதவில்லை என்று கெட்டியாகக் கரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இடியப்பமும் சொதியும் போதும், விருந்து வேண்டாம்.

விருது ஆளை ஓட்டத் தொடங்கினால்

1973 இல் மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சிறு பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துவிட்டார்கள். எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கேடு வரவில்லை. தனக்குத்தானே விருது எழுதிக்கொள்கிறவர் இதை யோசிக்க வேண்டும். இதற்கு நான் கண்ட பரிகாரம்: ஆண்டுக்கு ஒரு விருதை வீட்டில் இன்னொருவர் கையில் விட்டுவிடுவது. விதி என்னவென்று ஓடுகிறவருக்குத் தெரியக்கூடாது. என் வீட்டில் அந்த அதிகாரம் மனைவியிடம் இருக்கிறது. போன முறை, பாணந்துறையில் வானம் இருண்டதும் திரும்பி வந்ததற்காக எனக்கு விருது கிடைத்தது. காரணத்தை அவர் கைப்பட எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார்.

அந்த விருதில் ஒரு நியாயம் உண்டு. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி கொழும்புக்குப் பழக்கமான விருந்தாளி. தென்னைக்கும் கடலுக்கும் நடுவில் இரும்பு வண்டியில் போகிறவர் அதோடு வாதாடக்கூடாது. எனவே இரண்டு சந்தர்ப்பங்களில் விதி தானாகத் தளரும் என்று அட்டையின் பின்புறத்தில் முன்பே எழுதிவிட்டேன். ஒன்று இடி மின்னல்: திரும்பி வந்தால் அவகாசம் அடுத்த போயா வரை நீளும். மற்றது காய்ச்சல். மழைக்குப் பிறகு கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றுதான் நினைக்க வேண்டும். வைத்தியர் சரி என்று சொல்லும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது, தொடர் அறுந்ததாகவும் கணக்கில்லை. ஞாயிறு வரையான அவகாசத்தைத் தவிர, இந்த இரண்டுக்கும் வெளியே சலுகை கிடையாது. கல்யாண வீடு, கிரிக்கெட், சோம்பல் எல்லாம் ஒரே பத்தி. இவற்றை எல்லாம் நல்ல உடம்போடு இருக்கும் நாளில் எழுதிவைக்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டு எழுதும் விதி எதுவும் உருப்படாது.

எப்போது தொடங்குவது

ஜனவரியில், துருது போயாவோடு. ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்புப் பக்கத்தில் மழை குறைவு, காற்றும் தொல்லை தராது. மே மழை வருவதற்குள் அட்டையில் நான்கு போயாக் கட்டம் நிரம்பியிருக்கும், அவற்றை இழக்க மனம் வராது. ஒக்ரோபரில் தொடங்குகிறவர் இடியோடு ஆரம்பிக்கிறார், இரண்டாம் கட்டத்திலேயே அட்டை அலமாரிக்குப் போய்விடும். ஜனவரி தவறிவிட்டால் அடுத்த ஜனவரி வரை சும்மா இருக்க வேண்டாம். எடிங்டன் எண்ணுக்கு நாள் நட்சத்திரம் தேவையில்லை, இந்த ஞாயிறே வாதுவைக்குப் போகலாம். ஆனி, ஆடி மழைக்குள்ளும் காலை ஆறு முதல் ஒன்பது வரை காய்ந்த வீதி எத்தனையோ நாள் கிடைக்கும்.

பதக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிண்ணமும் கேடயமும் விற்கும் கடையில் மிகச் சிறிய பித்தளைத் தகடு ஒன்றை வாங்கி, ஆண்டும் '12 போயா' என்ற இரண்டு சொல்லும் மட்டும் பொறிக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், தூரமும் வேண்டாம். அதை ஒரு திருகாணியால் சைக்கிளின் குறுக்குச் சட்டத்தில் முடுக்கிவிடலாம். பன்னிரண்டாவது போயாவின் முத்திரை விழுவதற்கு முன் தகட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். முடிந்த பிறகு முழுப் பணத்தையும் உங்கள் சட்டைப் பையிலிருந்தே கொடுங்கள், பற்றுச்சீட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.